அம்பாசடர் வெள்ளையில் ஒரு கிட்டார்

"பெரியப்பா சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்ததுங்ணா. எழுபத்தஞ்சாம் வருசத்துது. எவ்வளவு போகும்?"

இப்படி ஒரு செய்தி அவ்வப்போது வாட்ஸாப்பில் வந்து விழும். கூடவே ட்யூப்லைட் வெளிச்சத்தில் கட்டில்மேல் கிடத்தி எடுத்த ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டாரின் படம். கோயமுத்தூரில் நாலு பேர் முன்னால் கிட்டாரோடு நின்றவன் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்த வேலையும் ஒட்டிக்கொள்கிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் விற்கப் போகிறவர்கள், மீதிப் பேர் வாங்கப் போகிறவர்கள். இரு தரப்புமே ஒரு இணைய விளம்பரத்தின் படத்தைத் துணைக்கு அனுப்புவார்கள். அதில் இதே சாயலில் ஒரு கிட்டார் இருக்கும், பக்கத்தில் தலைசுற்ற வைக்கும் ஒரு தொகையும் இருக்கும்.

அந்தத் தொகையைத்தான் முதலில் மறக்கச் சொல்வேன். அது யாரோ கேட்கிற விலை, யாரும் கொடுத்த விலை இல்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தையையோ அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையையோ பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாய்விட்டுச் சொல்கிற விலை ஊருக்கு. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து முடிக்கிற விலை இரண்டு பேருக்கு மட்டும். நல்ல வேளையாக, கிட்டார் விஷயத்தில் அந்தத் துண்டை ஓரளவு தூக்கிப் பார்க்கலாம். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்ட வழி இருக்கிறது. ரிவெர்ப் தளத்தில் அங்கே நடந்து முடிந்த விற்பனைகளை வைத்து மாடல் வாரியாக விலை வழிகாட்டியே போட்டிருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால் கண்ணில் படுகிற முதல் விஷயம், விளம்பரத்தில் மாதக்கணக்காகத் தொங்குகிற கிட்டார்கள் எல்லாம் விலை அதிகம் சொன்னவை என்பதுதான். சரியான விலை போட்டவை போய்விட்டன, அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. விளம்பரங்களை மட்டும் பார்த்து விலை கற்றுக்கொள்கிறவர் விற்காத சரக்கைப் பார்த்து விலை கற்றுக்கொள்கிறார்.

அப்படிக் கிடைக்கிற எண்ணும் அமெரிக்காவின் எண், ஜப்பானின் எண். அதை ரூபாயாக்கி, விமானச் செலவும் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் சேர்த்தால் வருவது மேல்வரம்பு. அதற்கு மேலே கொடுப்பதற்குப் பதில் நேராக அங்கிருந்தே வரவழைத்துக்கொள்ளலாம். கீழ்வரம்பு வேறொரு இடத்தில் இருக்கிறது. அதே காசுக்கு இன்று கடையில் புதிதாக, வாரண்டியோடு என்ன கிடைக்கும்? யமஹா பசிஃபிக்காவும், ஃபெண்டர் கம்பெனியின் மலிவு வரிசையான ஸ்கொயரின் கிளாசிக் வைபும் இப்போது இருக்கிற தரத்தில், பழைய கிட்டார் ஒன்று அவற்றைவிட நன்றாக வாசித்தால்தான் அவற்றைவிட அதிகம் கேட்க முடியும். வயசாகிவிட்டது என்பது மட்டும் காரணமாகாது. இந்த இரண்டு வரம்புக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்க்ரூடிரைவர் வேண்டும்.

பழைய எலெக்ட்ரிக் கிட்டாருக்கு உலகம் ஏன் அவ்வளவு கொட்டிக் கொடுக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பழசும் பொக்கிஷமாகத் தெரியும். லியோ ஃபெண்டர் தன் கிட்டார் கம்பெனியை 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். அதற்கு முன் செய்த ஃபெண்டர்களுக்கு ஒரு விலை, பின்னால் செய்தவற்றுக்கு வேறு விலை. கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் கிட்டாரில் 1958 முதல் 1960 வரை சன்பர்ஸ்ட் நிறத்தில் வந்தவை செய்த காலத்தில் சரியாக விற்கவில்லை. 1961இல் அந்த உடல் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். கொஞ்சமாகச் செய்யப்பட்டு, பிறகு பெரிய வாசிப்பாளர்கள் கையில் போய்ப் புகழ் பெற்றதால்தான் இன்று அவை வீடு வாங்கும் விலைக்குப் போகின்றன. ஆக அந்த விலை கட்டுவது குறிப்பிட்ட தொழிற்சாலையின் குறிப்பிட்ட சில வருஷங்களுக்கு. அதிலும், தொழிற்சாலையை விட்டு எப்படி வெளியே வந்ததோ அப்படியே இருப்பவற்றுக்கு.

அந்தக் கிட்டார்கள் நம் பக்கம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இங்கே இருப்பவை வேறு. 1991க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் வெளிநாட்டுக் கிட்டாரைக் கடையில் போய் வாங்குவது நடக்காத காரியம். பெரும்பாலானவர்களுக்குக் கொல்கத்தாவில் செய்த கிவ்சன்தான் கிட்டார். (கிவ்சனைக் கிப்சன் என்று படித்துவிட்டு லட்சத்தில் பேச்சை ஆரம்பித்த ஒரு நண்பர் இருக்கிறார். நல்ல மனிதர்.) சிங்கப்பூர், மலேசியா, துபாய் போய் வந்த உறவினர் யாராவது பெட்டியோடு பெட்டியாகக் கொண்டுவந்தால் உண்டு. அப்படி வந்தவற்றில் பெரும்பகுதி 70களின் பிற்பாதியிலும் 80களிலும் செய்த ஜப்பான் கிட்டார்கள், அதற்கப்புறம் கொரியாக் கிட்டார்கள். வந்து சேர்ந்த இடம் பெரும்பாலும் ஆர்கெஸ்ட்ரா. மாரியம்மன் நோம்பிக்கும் கல்யாண வரவேற்புக்கும் ராத்திரி பூராவும் வாசித்து, அஹூஜா ஆம்ப்ளிஃபையரில் கத்தி, டெம்போவில் ஸ்பீக்கர் பெட்டிக்கு மேலே கிடந்து பயணம் போனவை. சர்ச் பாடகர் குழுவில் இருந்தவை கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். வாரம் ஒரு நாள்தான் வேலை, கூரைக்குக் கீழே வாழ்க்கை.

ஜப்பான் கிட்டார்கள் மட்டமா என்றால் இல்லவே இல்லை. நாகானோ மாகாணத்தின் மாட்சுமோட்டோவில் இருக்கும் ஃபுஜிஜென் தொழிற்சாலையில்தான் ஐபனெஸ் பிராண்டுக் கிட்டார்களும், 1982இல் தொடங்கிய ஃபெண்டர் ஜப்பானின் கிட்டார்களும் செய்யப்பட்டன. அந்த முதல் வரிசையின் ஜேவி என்று தொடங்கும் எண் கொண்ட ஸ்கொயர்களை இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் இவற்றைச் சுற்றி ஒரு புரளியும் உண்டு. "லாசூட் கிட்டார்", அதாவது வழக்குக் கிட்டார், என்று போட்டு விலையை ஏற்றுவார்கள். 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் கம்பெனிமேல் வழக்குப் போட்டது உண்மை. வழக்கு ஹெட்ஸ்டாக், அதாவது ட்யூனிங் கீகள் இருக்கும் தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றியது, அடுத்த வருஷமே சமரசத்தில் முடிந்தது. அந்த ஒரு வழக்கை வைத்துக்கொண்டு, அமெரிக்கக் கிட்டார்களைப் பார்த்து 70களில் ஜப்பானில் செய்த எல்லா நகலையும் கோர்ட்டுக்குப் போய் வந்ததாகச் சொல்லி விற்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் பத்து ரூபாய்கூடச் சேர்க்க மாட்டேன்.

சரி, கோபிசெட்டிபாளையத்துக்கு வருவோம். கோவை கணபதியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் நண்பன் ஒருவன் தன் அக்கா மகனுக்காக ஒரு கிட்டார் பார்த்து வைத்திருந்தான். பையன் திருப்பூரில் கல்லூரி படிக்கிறான், நன்றாகவே வாசிக்கிறான். கிட்டார் இருந்தது கோபிக்குப் பக்கத்து ஊரில், வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர் வீட்டில். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர், காலமாகிவிட்டார். மகன் சொன்ன விலை ஒன்றேகால் லட்சம். 'நீ சும்மா வா மாப்ளே, பார்த்துட்டு வந்துடலாம்' என்று நண்பன் கூட்டிக்கொண்டு போனான். அவன் எடுத்துக்கொண்டது மல்ட்டிமீட்டர். நான் எடுத்துக்கொண்டது ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல், டார்ச்.

கிட்டார் ஐபனெஸ். முதலில் எண். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் பின்பக்கம் இருக்கும் தகட்டில் எச் என்ற எழுத்தும் அதற்கப்புறம் 84 என்று தொடங்கும் ஆறு இலக்கமும் இருந்தன. அந்தக் கால ஜப்பான் ஐபனெஸில் எழுத்து மாதத்தைச் சொல்லும். ஏ ஜனவரி, பி பிப்ரவரி, அப்படியே எண்ணினால் எச் ஆகஸ்ட். அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். ஆக 1984 ஆகஸ்ட், ரோட்ஸ்டார் 2 வரிசை. "எழுபத்தஞ்சுன்னுதானுங்க அப்பா சொல்லுவாரு" என்றார் மண்டிக்காரர். பொய் சொல்கிறவர் முகம் இல்லை அது. அப்பா கிட்டார் வாசிக்க ஆரம்பித்த வருஷத்தைக் கிட்டாரின் வருஷமாகக் கேட்டு வளர்ந்திருக்கலாம். குடும்பத்தில் சொல்லப்படும் வருஷத்தை நான் தகவலாக எடுத்துக்கொள்வேன், சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எண்ணை வாசிக்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கிப்சனில் 1977க்கு அப்புறம் எட்டு இலக்கம். முதல் இலக்கமும் ஐந்தாவதும் சேர்ந்தால் வருஷம், நடுவில் உள்ள மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. 82765501 என்றிருந்தால் 1985ஆம் வருஷத்தின் 276ஆவது நாள். ஃபெண்டரில் 1976 வாக்கிலிருந்து எண் ஹெட்ஸ்டாக்குக்குப் போய்விட்டது. எஸ் என்று தொடங்கினால் எழுபதுகள், ஈ என்றால் எண்பதுகள். அதற்கு முந்தைய ஃபெண்டர்களில் எண் பின்தகட்டில் இருக்கும். தகடு நான்கு திருகாணியில் நிற்கிற ஒரு இரும்புத் துண்டு, யார் வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால் எண்ணை மட்டும் நம்பிக் காசு கொடுக்கக் கூடாது. அமெரிக்கக் கிட்டாராக இருந்தால் உள்ளே வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் இன்னொரு எண் குத்தியிருக்கும். 137 என்று தொடங்கினால் அதைச் செய்த கம்பெனி சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அதற்கப்புறம் வருஷமும் வாரமும். 1377633 என்றால் 1976இன் 33ஆவது வாரம். கிட்டார் அந்த வாரத்துக்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டும்தான் அது சொல்லும். பின்னால் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். ஃபெண்டர் 1966இல் மொத்தமாக வாங்கிக் குவித்த பாட்களை 60களின் கடைசி வரை போட்டுத் தீர்த்தார்கள். ஆனால் 1964 என்று விற்கிற கிட்டாருக்குள் 1971இன் பாட் இருந்தால் ஒன்று பாட்டை மாற்றியிருக்கிறார்கள், இல்லை கதையை மாற்றியிருக்கிறார்கள். ஈயப்பற்றைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். தொழிற்சாலைப் பற்று பழசாகி மங்கி இருக்கும், புதுப்பற்று வேறு நிறத்தில் மினுங்கும்.

அடுத்து கழுத்து. எனக்கு விலையில் பாதி இங்கேதான். பெயிண்ட், பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காயில்), கீ எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். கழுத்து முறுக்கிக்கொண்டால் கிட்டார் விறகு. கனமான தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால் தந்தியே நேர்கோல் ஆகிவிடும். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருந்தால் நல்லது. அதையே மெல்லிய தந்தியிலும் செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் மிகவும் வித்தியாசப்பட்டால் முறுக்கல் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கழுத்தை நிமிர்த்த அதற்குள் ஓடும் கம்பியான ட்ரஸ் ராடின் நட்டை அரைக்கால் சுற்று திருப்பிப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். ஏற்கெனவே முழுக்க இறுகிப்போயிருந்தால், இனி வளைந்தால் நிமிர்த்த வழியில்லை. அனுமதி தராதவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. கோபிக் கிட்டாரில் கழுத்து நேராக இருந்தது, ராடும் திரும்பியது. நாற்பது வருஷ வெயிலுக்கு அது பெரிய விஷயம். விரலை ஓரமாக ஓட்டியபோது ஃப்ரெட் முனைகள் குத்தின. சித்திரை வைகாசியில் ஈரோடு பக்கம் காய்கிற காய்ச்சலில் ஃப்ரெட் பதித்த ஃப்ரெட்போர்டு மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது, முனை வெளியே நீட்டிக்கொள்ளும். ஊட்டியிலிருந்து இறங்கி வந்த கிட்டாரில் வந்த முதல் கோடையிலேயே இது தெரியும். அரத்தால் தேய்த்தால் போய்விடும், விலையைத் தொடத் தேவையில்லை.

ஃப்ரெட் தேய்மானம் அப்படியில்லை. முதல் ஐந்து ஃப்ரெட்டில் மெல்லிய தந்திகளுக்குக் கீழே பள்ளம் விழுந்திருந்தது. ராத்திரி பூராவும் ஒரே கார்டுகளை (ஸ்வரக் கூட்டுகளை) அழுத்தின தடம். ஒரு முறை சமப்படுத்தி இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம், அப்புறம் முழுசாக மாற்ற வேண்டும். பெங்களூரு, சென்னை போனால்தான் நம்பி ஒப்படைக்கிற ஆள் உண்டு, செலவு பத்தாயிரத்தை ஒட்டி வரும்.

இதற்குள் நண்பன் கிட்டாரில் கேபிளைச் செருகி, மறு முனையில் மீட்டரை வைத்துவிட்டான். வால்யூமை முழுக்கத் திறந்துவிட்டு, செலக்டரை ஒவ்வொரு பிக்கப்பாகத் தள்ள வேண்டும். இந்த வகை சிங்கிள் காயில் பிக்கப்புக்கு ஐந்தரை முதல் ஆறரை கிலோ ஓம் அளவில் காட்டினால் நிம்மதி. இரட்டைக் காயில் கொண்ட ஹம்பக்கர் என்றால் ஏழரையிலிருந்து ஒன்பது வரை. முன் பிக்கப் சரியாகக் காட்டியது, பின்னதும் சரி. நடுப் பிக்கப்புக்கு வந்ததும் மீட்டர், வால்யூம் பாட்டின் இருநூற்று ஐம்பது கிலோ ஓமுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதாவது பிக்கப் வழியாக மின்சாரம் போகவில்லை, பாட் மட்டும்தான் பேசுகிறது. "காயில் ஓப்பன்" என்றான். அவன் தொழிலில் தினமும் சொல்கிற வார்த்தை. அது நடுவில் இருக்கிறது என்பதால் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கவில்லை, கடைசிப் பதினைந்து வருஷமாக யாரும் வாசிக்கவும் இல்லை.

ஒரு பிக்கப்பில் எட்டாயிரம் சுற்று அளவுக்குக் கம்பி இருக்கும். கம்பியின் விட்டம் 0.063 மில்லிமீட்டர், அதாவது நம் ஊர் கேஜ் கணக்கில் 46ஐ ஒட்டி. சீலிங் ஃபேனுக்குக் கட்டும் கம்பியே அதைவிட மும்மடங்கு தடிமன் என்று நண்பன் மண்டிக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அவருக்கு விலையைவிட இது சுவாரசியமாக இருந்தது போல. 'போர் மோட்டார் கட்டறவருங்களா நீங்க' என்று பேச்சு அங்கே போய், சப்மெர்சிபிள் எரிந்த கதை ஒன்று முடிகிற வரை நான் பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம். பாட்டைத் திருகும்போது வருகிற கரகரப்பையும், ஜாக்கில் வருகிற பொட்டுபொட்டுச் சத்தத்தையும் சொல்லி ஐந்தாயிரம் குறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது அற்பத்தனம். காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் போகிற விஷயம். அதேபோல ஹம் சத்தம். சிங்கிள் காயில் என்றால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இருக்கத்தான் செய்யும், வீட்டில் எர்த் சரியில்லை என்றால் இன்னும் கூடும். தந்தியைத் தொட்டதும் சத்தம் அடங்கினால் கிட்டாரின் உள்ளே எர்த் இணைப்பு ஒழுங்காக இருக்கிறது.

கழுத்தைக் கழற்றியபோதுதான் நிஜம் தெரிந்தது. வெளியே கிட்டார் வெள்ளை, பழசாகிப் பாலாடை நிறத்துக்கு வந்த வெள்ளை. கழுத்து உட்காரும் பள்ளத்திலும் முகப்பில் இருக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டுக்கு அடியிலும் கறுப்பு. "இதுக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்காங்களாட்டங்க" என்றேன். மகனுக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து அவருடைய அம்மா குரல் கொடுத்தார்.

"கறுப்பாத்தான் இருந்துச்சு கண்ணு. ஊட்டு அம்பாசடருக்குப் பெயிண்ட் அடிச்சாங்கள்ல, மிச்சமிருந்ததைக் கொண்டி இதுக்கும் அடிச்சுப்போட்டாரு. கறுப்பு நோம்பிக்கு ஆகாதுன்னு எவனோ சொல்லிப்போட்டானாமா."

கார் பெயிண்ட் என்றதும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. 50களிலும் 60களிலும் ஃபெண்டர் தன் தனிநிறக் கிட்டார்களுக்கு அடித்ததே டூபாண்ட் கம்பெனியின் கார் பெயிண்ட்தான். டூகோ, லூசைட் என்ற பெயர்களில் வந்தவை. ஃபியஸ்டா ரெட் என்பது ஃபோர்டு தண்டர்பர்ட் காரின் நிறம். நம் ஊர் பெயிண்டிங் பட்டறையில் இன்றும் டூகோ என்றுதான் சொல்கிறார்கள். கோபிக் கிட்டாரில் அடித்த கை நல்ல கை, ஓட்டம் இல்லை, தூசி இல்லை. ஆனால் உலகச் சந்தையில் மறுபெயிண்ட் என்றால் விலை பாதி, எவ்வளவு அழகாக அடித்திருந்தாலும். ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டியதற்கும் ஏறக்குறைய அதே தண்டனை. கிப்சனில் ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருப்பதால் மல்லாக்க விழுந்தால் அங்கேதான் போகும். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்து மயிரிழைக் கோடு தேடாமல் கிப்சன் வாங்கவே கூடாது.

இங்கேதான் எனக்கும் இணையத்து நிபுணர்களுக்கும் பிரிவு வருகிறது. மறுபெயிண்டுக்குப் பாதி என்கிற கணக்கு சேகரிப்பாளர் கணக்கு. அவர்கள் வாங்குவது மாறாத ஒரு பொருளை. 1962 ஃபெண்டர் ஸ்ட்ராட்டுக்கு அது சரி. 1984 ரோட்ஸ்டாரை அலமாரியில் வைக்க யாரும் வாங்குவதில்லை, வாசிக்க வாங்குகிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் முழுக்கச் சலித்தாலும் சேகரிப்பாளர் என்று சொல்லத்தக்கவர் கை விரலுக்குள் அடங்குவார். வாசிக்கிறவனுக்குப் பெயிண்ட் காதில் விழாது. அதனால் நான் கால் பங்கு மட்டும் கழிப்பேன். அதையும் கழிப்பதற்குக் காரணம், நாளைக்கு அவன் விற்கப் போகும்போது எதிரில் வருகிறவன் இணையம் படித்துவிட்டுப் பாதி கேட்பான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சேகரிப்பாளர் கழிக்கிற கழிவை மட்டும் எடுத்துக்கொண்டு, சேகரிப்பாளர் கொடுக்கிற தொகையை மறந்துவிட முடியாது. விற்கிறவர் 'விண்டேஜ்' என்று சேகரிப்பாளர் விலை கேட்கிறார். வாங்குகிறவர் ஒவ்வொரு கீறலுக்கும் சேகரிப்பாளர் கழிவு கேட்கிறார். இருவருமே தனக்குச் சாதகமான பாதியை எடுத்துக்கொண்டு பேசுவதால்தான் பேச்சு முடிவதில்லை. ஒரே தராசில் இரண்டு தட்டையும் வைக்க வேண்டும். இது வாசிக்கிற கிட்டார் என்று முடிவு செய்துவிட்டால் அடிப்படை விலையும் வாசிக்கிற விலை, கழிவும் வாசிக்கிற கழிவு.

அப்படித்தான் ஒரு காகிதத்தில் எழுதினேன். இதே வரிசையில் நல்ல நிலையில், பழுதில்லாமல், சொந்தப் பெயிண்டோடு இருந்தால் இங்கே வாசிக்கிற ஒருவர் கொடுக்கக்கூடியது ஐம்பதாயிரம். வெளிநாட்டில் விற்று முடிந்த விலைகளையும், அதே காசுக்குக் கடையில் கிடைக்கும் புதுசுகளையும் பார்த்து எடுத்த எண் அது. பெயிண்டுக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கழிவு. நடுப் பிக்கப் புதிதாகக் கட்ட நாலாயிரம். ஃப்ரெட் செலவு உடனே இல்லை என்பதால் பாதி, ஐயாயிரம். ஒரு ட்யூனிங் கீ மாற்றியிருந்தார்கள், பின்னால் இரண்டு பழைய ஓட்டைகள், அதற்கு ஆயிரத்து ஐந்நூறு. பழைய பெட்டி அப்படியே இருந்தது, அதற்கு இரண்டாயிரம் கூட்டல். இருபத்தொன்பதாயிரம் வந்தது. காகிதத்தை அப்படியே மண்டிக்காரர் கையில் கொடுத்தேன்.

நீண்ட நேரம் பார்த்தார். தினமும் தார் எண்ணி விலை போடுகிறவருக்குக் கழித்தல் கணக்கு புரியாமல் போகாது. "ஒண்ணேகால் எங்க, இருபத்தொம்பது எங்கீங்க" என்றார். கோபம் இல்லை. "நெட்டுல போட்டிருக்கறது பொய்யிங்களா?" பொய் இல்லை, விளம்பரம் போட்டவர் கேட்கிறார், யாரும் கொடுக்கவில்லை என்றேன். அப்பா வாசித்தது என்பதற்கு விலை இல்லையா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்த விலை உங்களுக்குத்தான் உண்டு, அதனால் விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். நாலு பேரிடம் விசாரித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். விசாரிக்கத்தான் வேண்டும். நண்பனுக்கு முகம் வாடிவிட்டது.

இதே காகிதம் எதிர்ப்பக்கமும் வேலை செய்ய வேண்டும் என்பதில் நான் கண்டிப்பு. குன்னூர் பக்கத்தில் ஒரு அம்மா, 70களின் யமஹா எஸ்ஜி ஒன்றை எட்டாயிரத்துக்குக் கொடுத்துவிடத் தயாராக இருந்தார். எஸ்ஜி 2000 வகை, 1976 முதல் வந்தது, கழுத்து மரம் உடலின் கடைசி வரை ஓடும். அவர் சொன்னதைப் போலப் பத்து மடங்கு கொடுத்தாலும் தகும். வாங்க வந்தவருக்கு அது தெரியும், என்னையும் தெரியும். "நீங்க எதுவும் சொல்லிப்போடாதீங்ணா" என்று காதோரம் வந்தார். சொல்லிவிட்டேன். அவருக்கும் எனக்கும் இப்போது பேச்சு இல்லை. தெரியாதவரிடம் தெரிந்தவன் மலிவாக வாங்குவதைச் சாமர்த்தியம் என்று பேசுகிறவர்கள், அதே தெரியாமையில் தானே ஒன்றேகால் லட்சம் கொடுத்து வந்தால் ஏமாற்று என்று கத்துவார்கள்.

வரவழைக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ஃப்ரெட்போர்டு மரம் என்ன என்று கேளுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, தகுந்த தாள்கள் இல்லாமல் எல்லை தாண்டாது. மற்ற ரோஸ்வுட்களும் 2017இல் கட்டுப்பாட்டுக்குள் வந்தன, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கொடுத்தார்கள். 60களின் பிற்பாதிக்கு அப்புறம் வந்த பல அமெரிக்கக் கிட்டார்களில் இருப்பது இந்திய ரோஸ்வுட், நம் மேற்குமலையின் ஈட்டி மரம். ஆனைமலைப் பக்கம் வளர்கிற மரம் கலிஃபோர்னியா போய் வந்து சுங்க வரி கட்டுகிறது என்று நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கோபியிலிருந்து பொங்கல் கழித்துப் போன் வந்தது. விசாரித்தவர்களில் ஒருவர் பதினைந்து சொன்னாராம், இன்னொருவர் படம் பார்த்தே வேண்டாம் என்றாராம். முப்பத்திரண்டுக்கு முடித்தார்கள். என் காகிதத்தைவிட மூவாயிரம் அதிகம், பரவாயில்லை, கழுத்து நேராக இருக்கிற கிட்டாருக்கு அந்த மூவாயிரம் தரலாம். பையன் வாங்கிக்கொண்டு போனான்.

நடுப் பிக்கப்பை நண்பன் கடைக்குக் கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறான். காயிலில் ஒன்றும் போகவில்லை. கம்பி ஆரம்பிக்கும் முனை, ஈயம் பற்றிய இடத்தில் வியர்வை உப்பு அரித்து விட்டுப்போயிருந்தது. ஒரு சுற்றைப் பிரித்து, சுரண்டி, மறுபடி பற்றவைத்தான். ஐந்தே முக்கால் கிலோ ஓம். செலவு இல்லை. அப்படியானால் கழித்த அந்த நாலாயிரம் யாருடையது என்று அவனுக்கு உறுத்தல். என் கணக்கில் கேள்விக்கே இடமில்லை. காயில் உள்ளே அறுந்திருந்தால் செலவு வாங்கினவன் தலையில்தான் விழுந்திருக்கும், அந்த அபாயத்துக்குத்தான் கழிவு. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. மண்டிக்காரருக்கு இரண்டாயிரம் ஜீபேயில் போட்டுவிட்டு எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். மோட்டார் எரிந்ததா, ஒயர் விட்டதா என்று பார்க்காமல் வைண்டிங் காசு வாங்கினால் தன் கடையில் ஒரு வாடிக்கையும் நிற்காது என்கிறான். இரண்டு பேரும் இன்னும் இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.